ஆச்சியின் தொழிலைத் தேடி ஃபோர்ட் கொச்சிக்கு

நாள் 1, திருநெல்வேலி

பாலருவி எக்ஸ்பிரஸ் ராத்திரிதான் கிளம்புகிறது. பகல் கையில் இருந்ததால் சாயங்காலம் வண்ணார்பேட்டை பேராச்சியம்மன் கோயில் படித்துறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இன்றைக்கு வண்ணார்பேட்டை என்றால் மேம்பாலம், ஆஸ்பத்திரிகள், ஜவுளிக்கடைகள், ஓயாத பஸ் ஹாரன். பேர் மட்டும் பழைய பேர். தாமிரபரணியில் குளிக்கிறவர்கள் நிறைய இருந்தார்கள், வீட்டுத் துணியைக் கொண்டுவந்து துவைக்கிறவர்கள் சிலர், தொழிலாகத் துவைக்கிறவர் என்று பார்த்தால் ஒரே ஒரு அம்மாதான். முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கனத்த போர்வையை அலசிக்கொண்டிருந்தார். ஒரு காலைப் பின்னால் ஊன்றி, தண்ணீர் இழுக்கிற பக்கம் போர்வையை விட்டுப் பிடித்து, அது மிதந்து மேலே வருகிற சமயம் பார்த்துத் தூக்கினார். என் ஆச்சியும் இப்படித்தான் தூக்குவாள்.

என் ஆச்சி சலவைத் தொழிலாளி. இதை எழுத்தில் நான் சொல்வது இதுதான் முதல் தடவை. காலேஜில் கேட்டவர்களிடம் விவசாயக் குடும்பம் என்று சொன்னேன், வேலைக்குப் போன பிறகும் அதையே சொன்னேன். ஆச்சி போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் இருக்கும்போது அவள் தொழிலைப் பற்றி ஒரு கேள்விகூட உட்கார்ந்து கேட்டதில்லை என்பது இந்த ஆறு வருஷமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் தமிழ் பேசுகிற வண்ணார் குடும்பங்கள் இன்னும் கையால் துவைத்துப் பிழைக்கிறார்கள் என்று தெரிந்தபோதே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நான்கு நாள் லீவு கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

எனக்கு நினைவிருப்பது வெள்ளாவிதான். அழுக்குத் துணியை உழமண் என்கிற உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கிப் பிழிந்து, பெரிய பானையின் மேல் கோபுரம் மாதிரி அடுக்கி, அடியில் ராத்திரி முழுக்கத் தீ எரியவிடுவார்கள். ஆவி ஒவ்வொரு மடிப்பாக ஏறி உச்சிக்கு வர வேண்டும். தீ குறைந்தால் அழுக்கு இறங்காது, தண்ணீர் வற்றினால் அடித்துணி கருகிப் போகும். தாத்தா விறகைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார், ஆச்சிதான் விடியவிடிய எழுந்து எழுந்து போய் உச்சித் துணியைத் தொட்டுப் பார்ப்பாள். விடிகாலையில் பிரிக்கும்போது வருகிற வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. வெந்த மண்ணும் பருத்தியும் கலந்த ஒரு வாசனை. எந்த சோப்பிலும் அது கிடையாது.

ஊரில் கூலி என்று ரூபாய் வந்தது பிற்பாடுதான். அதுவரைக்கும் அறுப்புக் களத்தில் நெல், அப்புறம் தினமும் ராத்திரி வீடு வீடாகப் போய் வாங்குகிற சோறு. அந்தச் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு என் அம்மா ஆச்சிக்குப் பின்னாலேயே போயிருக்கிறாள். ஐந்து வயசுப் பிள்ளைகள் ஆச்சியைப் பேர் சொல்லி, "ஏளா, எங்க வீட்டுத் துணி எங்கே" என்று கேட்குமாம். அம்மா இதைச் சொல்லும்போது குரல் மாறாது, ஆனால் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவாள்.

நாள் 2, ரயிலிலும் கொச்சியிலும்

நடுராத்திரி தாண்டிச் செங்கோட்டை வந்தபோது விழித்துக்கொண்டேன். எங்கள் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர். 1956 நவம்பர் 1 வரைக்கும் இது திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, அன்றைக்குத்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதன் விளைவு எங்கள் சாதிச் சான்றிதழில் இன்னும் இருக்கிறது. செங்கோட்டை தாலுகாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வண்ணார் பட்டியல் சாதி, அந்த எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஒரே தொழில், ஒரே சொந்தம், பெரியம்மா பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழ், எங்களுக்கு வேறு. தலித் மக்களுக்குத் துவைத்த புதிரை வண்ணார்களின் கதை இதைவிடக் கொடுமை. அவர்கள் மாநிலம் முழுக்கப் பட்டியல் சாதிதான், ஆனால் பல ஊர்களில் சான்றிதழ் வாங்குவதே அவர்களுக்குப் பெரும் போராட்டம். அவர்களுக்கென்று ஒரு நலவாரியம் வந்ததே 2009-இல்தான். எங்கள் வீட்டிலேயே அவர்களைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எர்ணாகுளம் டவுனில் இறங்கி, ஹைகோர்ட் பக்கத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஃபோர்ட் கொச்சி. சீனவலை, பழைய சர்ச், காபிக்கடைகள் எல்லாவற்றையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன, அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். மத்தியானம் வெளி என்கிற பகுதிக்கு ஆட்டோ பிடித்தேன். சலவைக்கூடத்துக்கு இங்கே பேர் தோபி கானா. "தோபி கானா" என்றதும் ஆட்டோக்காரருக்குத் தெரிந்துவிட்டது. சுற்றுலா வருகிறவர்களை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொண்டுபோய் விடுவாராம்.

டச்சுக்காரர்கள் 1663-இல் போர்த்துகீசியர்களிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து வண்ணார் குடும்பங்களைக் கூட்டிவந்தார்கள், அது 1720-கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 1795-இல் டச்சுக்காரர்கள் போய் இங்கிலீஷ்காரர்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள், வண்ணார்கள் மட்டும் இருந்துவிட்டார்கள். சுற்றுவட்டாரக் குளங்களில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் இந்த இடத்தைக் கட்டிக்கொடுத்தது. சங்கம் வைத்து அவர்களே நடத்துகிறார்கள். வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு துவைகல். எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்குப் பக்கம் வரும். பின்னால் பெரிய திறந்தவெளி முழுக்கக் கொடிக்கயிறு. முன்னால் இஸ்திரிக் கூடம்.

கூடத்துக்குள் நுழைந்ததும் கேட்டது தமிழ். யாரோ ஒருத்தர் இன்னொருத்தரிடம், "கஞ்சி கெட்டியாப் போச்சு, இன்னும் கொஞ்சம் தண்ணி விடு" என்றார். அந்தக் கடைசி "விடு"வில் ஒரு மலையாள இழுப்பு இருந்தது, மற்றபடி எங்கள் வீட்டு அடுக்களையில் கேட்கிற பேச்சு. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் இருந்தவரை "அக்கா" என்று கூப்பிட்டேன். அறுபதைத் தாண்டியவர். "அக்காவா? உங்க அம்மா வயசு இருக்கும் எனக்கு. எங்கேர்ந்து வர்றே மோளே?" என்றார். திருநெல்வேலி என்றேன். பிறகு, ஏன் வந்தேன் என்பதையும், ஆச்சியைப் பற்றியும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்போ அத்தைன்னு கூப்பிடு. காலையில அஞ்சு மணிக்கு வா, ஒரு நாள் முழுக்க இரு. இப்போ வந்துட்டுப் போறவங்களுக்கு வெள்ளைத் துணி காயறது மட்டும்தான் தெரியும்."

நாள் 3, தோபி கானா

ஐந்து மணிக்குப் போனேன். இருட்டிலேயே அடிக்கிற சத்தம் கேட்டது. அத்தையின் தடுப்பு அவர் வீட்டுக்காரர் பேரில். அவர் முடியாமல் படுத்து நாலு வருஷம் ஆகிறது, அதிலிருந்து துவைப்பதும் அத்தைதான், பேர் இன்னும் மாறவில்லை. முன்பெல்லாம் கல்லில் அடிப்பது ஆம்பிளை வேலை, பிரிப்பது, குறி போடுவது, கஞ்சி போடுவது, காயப் போடுவது, எடுப்பது, தேய்ப்பது, மடிப்பது, எண்ணிக் கட்டுவது பொம்பிளை வேலை என்று இருந்ததாம். நான் அவர் சொன்ன வரிசையை அப்படியே எழுதியிருக்கிறேன், ஆம்பிளைக்கு எத்தனை, பொம்பிளைக்கு எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஹோம்ஸ்டே பெட்ஷீட், ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் விரிப்புகள், பழைய வாடிக்கை வீடுகளின் வேட்டி சேலை. முதலில் பிரிக்கிறார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை எதுவோ அதற்குத் தக்கபடி தனியாக வைக்கிறார். ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றில் ரத்தம் இருந்தது. பக்கத்தில் நின்ற சின்னப் பெண், புதிதாக வந்தவர் போல, வெந்நீர் வாளியை நகர்த்தினார். அத்தை அதைத் தடுத்து, "ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி" என்றார். நானும் அதே நேரத்தில் அதையே சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதில் அந்தப் பெண் சிரித்துவிட்டார். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை நூலில் பிடித்துவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் பழுப்பாக நிற்கும். ஆச்சி இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நான் பெரியவளான அன்றைக்கு. மஞ்சள் கறைக்கு வேறு வைத்தியம். சோப்புப் போட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும், பயப்படாமல் அலசி வெயிலில் போட்டுவிட வேண்டும், வெயில் தின்றுவிடும்.

அத்தையின் கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல், பிளீச்சிங் பவுடர் பட்டுப் பட்டு மணிக்கட்டு வரைக்கும் சின்னச் சின்ன வெடிப்பு. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் எடுக்காதாம், நாலு விரல் மாற்றி வைக்க வேண்டும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், அதற்கு ராத்திரி மஞ்சளும் தேங்காயெண்ணெயும். ஆச்சிக்கும் இதே இடத்தில் இதே புண். ராத்திரி நான் தடவிவிடுவேன், அவள் காலை உள்ளே இழுத்துக்கொள்வாள், பிள்ளை கையில் பட வேண்டாம் என்று.

கொடிக்கு வருகிறேன். கிளிப்பே கிடையாது. இரண்டு கயிற்றை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த முறுக்கை இரண்டு விரலால் லேசாகப் பிரித்து, துணியின் ஓரத்தை ஒரு விரற்கடை மடித்துச் செருகிவிட்டால் முறுக்கே அதைக் கவ்விக்கொள்கிறது. கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது, எடுக்கும்போது ஒரு இழுப்பில் வந்துவிடும். நான் செருகிய முதல் நான்கு துணியும் விழுந்தன. "ஓரத்தை மடிக்கணும் மோளே, ஒத்தைத் துணிக்குப் பிடி இருக்காது" என்று அத்தை என் கையைப் பிடித்து வைத்துக்காட்டினார்.

பதினொரு மணிவாக்கில் சுற்றுலா ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நிறையப் பேர் மரியாதையாகவே கேட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள், சிலர் கேட்கவில்லை. கேமரா தூக்கினதும் அத்தை முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு தேய்ப்பதைத் தொடர்ந்தார். சிரட்டைக்கரி போட்ட பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றும் கரண்ட் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறார். கஞ்சி போட்ட காட்டனுக்குக் கரிப் பெட்டிதான் சரி என்கிறார், அந்தக் கனம்தான் மடிப்பை உட்கார வைக்குமாம். நான் தூக்கிப் பார்த்தேன். பத்துத் தடவை இழுத்ததும் தோள்பட்டை வலித்தது. அவர் ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அதை இழுக்கிறார்.

மூன்று மணிக்கு மழை. ஐப்பசி மழையைத் துலாவர்ஷம் என்கிறார்கள் இங்கே, காலையெல்லாம் கொளுத்தும், மத்தியானத்துக்கு மேல் கிழக்கே இருட்டிக்கொண்டு வரும். வானத்தைப் பார்த்து யாரும் கத்தவில்லை. காற்று ஒரு தடவை சில்லென்று திரும்பியதும் கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினார்கள், நானும் ஓடினேன். யார் துணி யார் கொடி என்ற பேச்சே இல்லை. கொடியோரமாக ஓடிக்கொண்டே இழுத்து இழுத்துத் தோளில் போட்டார்கள், தோள் நிறைந்ததும் உள்ளே கொண்டுவந்து தள்ளிவிட்டுத் திரும்ப ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் அவ்வளவு பெரிய மைதானம் வெறும் கயிறாக நின்றது, அப்புறம்தான் பெரிய தூறல் விழுந்தது.

உள்ளே துணி மலையாகக் குவிந்து கிடந்தது. எல்லோருடையதும் கலந்த அந்த மலையை அவர்கள் பிரித்ததைச் சொல்ல வேண்டும். ஓரத்தைப் புரட்டி ஒரு நொடி குறியைப் பார்க்கிறார்கள். சிவப்பு நூலில் இரண்டு தையல், கறுப்பு மையில் ஒரு கொக்கி, மூன்று புள்ளி. பார்த்ததும் அந்தந்த மேஜைக்குத் துணி பறக்கிறது. ஆச்சி நூல் போட்டதில்லை, சேங்கொட்டைதான். கொட்டையைக் குத்தி, ஊசிமுனையில் சாற்றைத் தொட்டு, துணி ஓரத்தில் குறி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுப்பாக நின்றுவிடும், துணி கிழிகிற வரைக்கும் போகாது. சாறு தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பிவிடும் என்பதால் எங்களைக் கிட்டே விடமாட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கு நூறு வீட்டுக் குறி மனசில் இருந்தது.

மழை நிற்கவில்லை. கட்டன்சாயா வந்தது. குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்டேன், "அத்தை, இவ்வளவு வீட்டுத் துணியும் கைக்கு வருது. எல்லாம் தெரிஞ்சிருமே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "தெரியும். எந்த வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல, யாரு ராத்திரி அழுதாங்க, யாரு தனியாப் படுக்கறாங்க, எல்லாம் துணி சொல்லும். நாம சொல்லக் கூடாது. எங்க மாமியாரு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான், துவைக்கறது அப்புறம்தான்."

அப்போது நான் எங்கள் ஊர்க்கதையை அவரிடம் சொன்னேன். பிள்ளை பிறந்த வீட்டுத் துணி, வயசுக்கு வந்த வீட்டுத் துணி, மாசத் துணி எல்லாம் ஆச்சி ஒருத்திதான் தொடுவாள். தீட்டுக் கழிய மாற்றுச் சேலை கொடுப்பதும் அவள்தான். அதை மாத்து என்போம். வடகேரளத்திலும் வண்ணாத்தி கொண்டுவருகிற அந்தத் துணிக்கு மாற்று என்றுதான் பேர். அந்தத் துணி வராமல் எந்தப் பெரிய வீட்டிலும் அடுக்களை ஏற முடியாது, ஆனால் கொண்டுவருகிறவள் கொல்லைப்பக்கம்தான் நிற்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றுக்கு மருமகளாக வந்த பெண்ணுக்கு மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை, மாமியார் கொடுமை. நாலாவது வருஷம் நின்று, இரண்டாம் மாசமே கலைந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இன்னொரு கல்யாணம் பேசிவிடுவார்கள் என்ற பயம். அந்த விரிப்பைச் சுருட்டி ஆச்சியிடம் கொடுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சியும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு இருட்டின பிறகு தனியாக ஆற்றுக்குப் போய் அதை மட்டும் அலசி, வீட்டுக்குள்ளேயே காயப்போட்டு, மறுநாள் மற்றத் துணியோடு மடித்துக்கொண்டுபோய் வைத்துவிட்டாள். இதை ஆச்சி தாத்தாவிடம்கூடச் சொல்லவில்லை, பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. ஆச்சி செத்த அன்றைக்கு அந்த அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார், பேரன் பேத்தி எடுத்தவர். அந்த வீட்டு ஆட்கள் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. ஆச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. போகும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அவரேதான் சொன்னார்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் என் முதுகில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க வீட்டுத் துணிக்கு ஆச்சி என்ன குறி போடும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாட்டாமை வீட்டுக்கு இரண்டு கோடு, வாத்தியார் வீட்டுக்கு ஒரு வட்டம், கணக்குப்பிள்ளை வீட்டுக்குச் சிலுவை மாதிரி ஒன்று, எல்லாம் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டுக் குறி மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

நாள் 4, கிளம்புகிற நாள்

காலையில் சொல்லிக்கொண்டு வரப் போனேன். மழைக்கு அப்புறம் நல்ல வெயில், நேற்றைய துணி எல்லாம் மறுபடி கொடியில். அத்தைக்கு இரண்டு பெண்கள், ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் பேங்கில். இரண்டு பேரும் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள், வரவும் வேண்டாம் என்கிறார். "முதுகு என்னோடு போகட்டும்" என்றார். ஒரு பெரிய மெஷினும் காயவைக்கிற மெஷினும் இருந்தால் இன்னும் பத்து வருஷம் ஓட்டுவேன் என்றும் சொன்னார். கையால் துவைப்பதை நாம் அழகு என்று சொல்லலாம், அவருக்கு மெஷின் வேண்டும், அது அவர் உரிமை. மழைக்காலத்தில் காயாத துணிக்கு ஹோம்ஸ்டேக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு லாண்டரிக்குப் போய்விடுகிறார்கள். திரும்ப வருவதில்லை.

முந்தாநாள் வரைக்கும் இந்த ஊருக்கே வந்ததில்லை நான், கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். நேற்று மழையில் நனைந்த என் துப்பட்டாவை வாங்கி வைத்தது நினைவே இல்லை. துவைத்து, மெல்லிசாகக் கஞ்சி போட்டு, தேய்த்து மடித்திருந்தார். காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

படகுத்துறையில் நின்றுகொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். அத்தையைப் பற்றி, கொடியைப் பற்றி, பச்சைத் தண்ணீரைப் பற்றி எல்லாம் சொன்னேன். அம்மா ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டேன், "அம்மா, நம்ம வீட்டுத் துணிக்கு ஆச்சி என்ன குறி போடுவா?"

"நம்ம துணிக்கு எதுக்குக் குறி?" என்றாள் அம்மா. "எல்லார் துணியும் எடுத்துக் கட்டின பிறகு குறி இல்லாம மிச்சம் கிடக்கும்லா, அது நம்முது."

படகு வந்துவிட்டது. துப்பட்டாவின் நான்கு ஓரத்தையும் புரட்டிப் பார்த்தேன். அத்தை குறி போடவில்லை.